உபவாச நாளில் சம்பளம் கேட்டவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இனி நான் உபவாசம் இருக்கலாமா?

பாளை டீச்சர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம்) வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பது எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக்கம், மாமியாரிடம் கற்றது. காலையிலிருந்து தண்ணீர் மட்டும், மூன்று மணிக்கு ஜெபம் முடித்துக் கஞ்சியும் துவையலும். இரண்டு வருஷமாக எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. உபவாசம் இருப்பவர்கள் காலை ஆறு மணிக்குக் கைகூப்பும் படம் போட வேண்டும், மூன்று மணிக்கு முடித்ததும் பச்சை டிக். ஒருவரை ஒருவர் தாங்கத்தான் ஆரம்பித்தோம், அது நிஜம். ஆனால் போன வருஷத்திலிருந்து யார் எத்தனை வாரம் முடித்தார்கள் என்று பட்டியல் போடுகிறார்கள், என் பெயர் எப்போதும் மேலேயே இருக்கும். அதைப் பார்க்கும்போது மனதுக்கு நன்றாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அக்காவுக்கு ஐந்தாம் தேதி சம்பளம். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, அவர்களே கேட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டீச்சரம்மா, சிலிண்டர் தீர்ந்துபோச்சு, சம்பளத்த இன்னைக்குக் குடுத்தா உதவியா இருக்கும்" என்றார்கள். நான் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்கு நான் உபவாசம், பணப் பேச்செல்லாம் வேண்டாம், கையிலயும் இல்ல, திங்கக்கிழமை வாங்கிக்கோங்க" என்றேன். கையில் இல்லை என்றது பொய். பீரோவில் லெந்து காணிக்கைக் கவருக்குள் மூவாயிரம் ரூபாய் இருந்தது. அது ஆண்டவருக்கு என்று எடுத்து வைத்தது, அதைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அக்கா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்கு டிக் போட்டேன். சாயங்காலம் ஐக்கிய ஜெபத்தில் வேதபாடம் வாசிக்கிற முறை என்னுடையது. பகுதி ஏசாயா 58. "நாங்கள் உபவாசம்பண்ணும்போது நீர் நோக்காமலிருக்கிறதென்ன" என்று ஆரம்பிக்கும்போதே குரல் சரியில்லை, பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. உபவாசக் களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "டீச்சர் எவ்வளவு பக்தியா இருக்காங்க பாரு" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த மூன்று நாளும் அவர்கள் வீட்டில் எதில் சமைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். மனுஷர் காணும்படி உபவாசிக்கிறவர்களைக் கண்டிக்கிற மத்தேயு 6ஐ இந்த வாரம் மறுபடி வாசித்தேன், "மாயக்காரர்" என்று வருகிற இடமெல்லாம் என் பெயர் இருப்பது போலத் தெரிகிறது. இப்படி இருக்கிற ஒருத்தி உபவாசத்தை விட்டுவிடுவதுதான் நேர்மையா? அப்புறம் அதே மலைப் பிரசங்கத்தில் 5:16இல் உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்றும், 6:1இல் மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதிருங்கள் என்றும் இருக்கிறதே, குரூப்பில் டிக் போடுவது இதில் எந்தப் பக்கம் சேரும்?

உபதேசியார் பேரன்:

டீச்சர், முதலில் நேர்ப் பதில். உபவாசத்தை விட வேண்டாம். மத்தேயு 23:23ஐ எடுங்கள். நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதக் கூட்டத்தாரான பரிசேயர்கள் ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்று ஆண்டவர் சொல்கிற இடம். (ஒற்தலாம் என்றால் புதினாதான், என் தாத்தா உபதேசியாராக இருந்தவர், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) கொத்துப் புதினாவில் பத்தில் ஒரு பங்கை எண்ணிப் பிரித்துக் கொடுக்கிற அளவுக்கு அவர்களுக்குக் கவனம் இருந்தது. அந்தக் கவனம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றுதான் முடிக்கிறார். நம் பிரசங்கங்களில் இந்தக் கடைசி வரி பாதி நேரம் விடுபட்டுப் போகும். மத்தேயு 6லும் அப்படித்தான், தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பற்றிப் பேசும்போது "நீயோ தர்மஞ்செய்யும்போது", "நீயோ ஜெபம்பண்ணும்போது", "நீயோ உபவாசிக்கும்போது" என்றுதான் வருகிறது. செய்வாய் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

"மாயக்காரர்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பில் மாயக்காரர், இன்றைக்குக் கேட்டால் மந்திர தந்திரம் செய்பவர் போல இருக்கிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் வெளிவேடக்காரர் என்று போட்டிருக்கிறார்கள், மூலத்துக்கு அது இன்னும் பக்கம். கிரேக்கத்தில் ஹுப்போக்ரிதேஸ் என்றால் மேடையில் வேடம் கட்டி நடிப்பவன். நடிகனுக்குப் பார்ப்பவர்கள் வேண்டும், ஆளில்லாத கொட்டகையில் யாரும் ராஜா வேடம் போடுவதில்லை. அதனால்தான் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்கிறார், பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று நீயே பார் என்பதற்காக.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று மூன்று தடவை வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல் அந்தக் காலத்துக் கடை வியாபாரத்தில் ரசீதில் எழுதுகிற சொல். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சீட்டுகளிலும் பானை ஓட்டுத் துண்டுகளிலும் இதே சொல் இருப்பதை டைஸ்மான் என்ற ஜெர்மன் அறிஞர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை என்று அர்த்தம். அதாவது, ஆண்டவர் அவர்களுக்குக் கூலி இல்லை என்று சொல்லவில்லை. ஊர் பார்த்தது, மெச்சியது, கணக்கு முடிந்தது. "டீச்சர் எவ்வளவு பக்தியா இருக்காங்க பாரு" என்று உங்கள் காதில் விழுந்ததே, அதுதான் அந்த வெள்ளிக்கிழமைக்கான ரசீது. இதை நான் கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, நானே பாடகர் குழுவில் இருபது வருஷம் நின்றவன், எனக்கும் கட்டுக் கட்டாக ரசீது இருக்கிறது.

5:16க்கும் 6:1க்கும் சண்டை இல்லை டீச்சர், 5:16ஐ முழுசாக வாசித்தால் தெரியும். நற்கிரியைகளைக் கண்டு, பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி என்று இருக்கிறது. பார்த்தவன் யாரைப் புகழ்ந்தான் என்பதுதான் கேள்வி. அந்த அக்கா கேட்ட நேரத்தில் சம்பளத்தைக் கொடுத்திருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய் "கர்த்தர் வழி பண்ணினார்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது வெளிச்சம். டிக் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்லவே வேண்டாம், பட்டியலைப் பார்த்து நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு டிக்கைவிடப் பெரிதாகப் பட்டது அந்தக் காணிக்கைக் கவர். மாற்கு 7:9 முதல் 13 வரை வாசியுங்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை ஆயிற்று என்று சொல்லிவிட்டால் அப்புறம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆண்டவர் அதைத்தான், உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். பீரோவில் இருந்த மூவாயிரம் ரூபாய் கொர்பான். அது வேலை செய்தவரின் கூலியாக ஏற்கெனவே இரண்டு நாள் கடந்திருந்த பணம், கவருக்குள் போனதால் அது காணிக்கை ஆகிவிடாது. உபாகமம் 24:15 கூலிக்காரனுக்குப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடச் சொல்கிறது, அவன் ஏழை, அதை ஆவலோடு எதிர்பார்த்திருப்பான் என்று காரணமும் சொல்கிறது.

எதில் சமைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் இருந்தால் இது உங்களை விடாது.

சாந்தோம் பக்கம்:

நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

எங்களுக்குத் தவக்காலம் திருநீற்றுப் புதனில் ஆரம்பிக்கும். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைக் குருவானவர் நெற்றியில் பூசுவார். அன்றைய திருப்பலியில் வாசிக்கிற நற்செய்தி எது தெரியுமா, மத்தேயு 6 தான், நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவு, முகத்தைக் கழுவு என்கிற அதே பகுதி. அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அப்படியே ஆபீசுக்குப் போகிறோம். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது, எங்கள் பங்கில் இருந்த ஒரு வயதான சிஸ்டரிடம் கேட்டேன். "சாம்பல் நீ புண்ணியவான்னு காட்ட இல்லடா, நீ செத்துப்போற மண்ணுன்னு காட்ட" என்றார். முதல் வாசகம் யோவேல், உடையைக் கிழிக்காதே இருதயத்தைக் கிழி என்று. இரண்டையும் ஒரே காலையில் வாசிக்க வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன், அடையாளம் வேண்டும், அந்த அடையாளத்தின் மேலேயே சந்தேகமும் வேண்டும்.

இரண்டாவது, ஏசாயா 58:3. டீச்சர், நீங்கள் வாசித்த பழைய மொழிபெயர்ப்பில் "உங்கள் வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்கிறீர்கள்" என்று இருக்கும். எங்கள் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் "உங்கள் வேலையாள்கள் அனைவரையும் ஒடுக்குகின்றீர்கள்" என்று இருக்கிறது. எபிரேய வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்பதில் வந்த வித்தியாசம். நீங்கள் அன்றைக்கு இந்த மொழிபெயர்ப்பை வாசித்திருந்தால் மூன்றாம் வசனத்திலேயே நின்றிருப்பீர்கள். நோன்பு நாளும் வேலையாளும் ஒரே வசனத்தில் வருவது தற்செயல் இல்லை, தீர்க்கதரிசி பார்த்தது உங்கள் வீட்டில் நடந்ததையே.

கடைசி வரிசை:

நான் சபைக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது, ஆனாலும் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

டீச்சர், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் வாசிக்கும்போது தொண்டை அடைத்ததே, அது போதும். நான் வளர்ந்த சபையில் ஏசாயா 58ஐ வாசித்து யாருக்கும் தொண்டை அடைத்து நான் பார்த்ததில்லை. வேதபாரகரே பரிசேயரே உங்களுக்கு ஐயோ என்ற பிரசங்கம் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் அது பக்கத்துத் தெரு சபைக்காரர்களைப் பற்றியதாக இருக்கும். நகை போடுகிறவர்கள் போடாதவர்களைச் சொல்வார்கள், போடாதவர்கள் போடுகிறவர்களைச் சொல்வார்கள். பெண் பார்க்கும்போது மட்டும் எல்லோரும் ஒன்றுதான், "நம்ம ஆளுங்களா" என்ற கேள்வி ஜெபம் முடிந்த அடுத்த நிமிஷம் வந்துவிடும். என் அக்காவுக்கு ஒரு நல்ல வரன் வந்தது, அதே வேதாகமம், அதே பாட்டுப் புத்தகம், அதே பேராயம். ஜெபித்துப் பார்த்தோம், கர்த்தருக்குச் சித்தமில்லை என்று என் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சாதி என்று விசாரித்தது எனக்குத் தெரியும், நான் அந்த அறையில் இருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே ஏதோ முறிந்தது. கொர்பான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், கர்த்தருடைய சித்தம் என்பதும் நம் ஊரில் ஒரு கொர்பான்தான்.

இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் எத்தனை பேர் முறுக்கிக்கொண்டு போனார்கள் என்பது சபை வரலாற்றில் இருக்கிறது. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயத்தைப் பாருங்கள், பீடம் ஒன்று, ஆனால் சனம் உட்கார இரண்டு பக்கமாகப் பிரியும் இரண்டு கூடங்கள், ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்க்காமல் ஒரே பூசையைக் காண்பதற்காக. நடுவில் இருந்த தடுப்பை இடித்ததற்கு வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். வெளியே அழகு, உள்ளே அசுத்தம், வெள்ளையடிக்கப்பட்ட கல்லறை என்று ஆண்டவர் சொன்னதற்கு நமக்கு உவமை தேட வேண்டியதே இல்லை, சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே இரண்டாக இருக்கிறது.

கலாத்தியர் 2ஐ ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை என்பது என் பழைய கேள்வி. பேதுரு அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து, எழுந்து தனியே போய்விட்டார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து "மாயம்பண்ணினார்கள்" என்று பவுல் எழுதுகிறார், பர்னபாவும் அதில் இழுபட்டுப் போனார் என்கிறார். மாயக்காரர் என்று ஆண்டவர் பரிசேயரைச் சொன்ன அதே வார்த்தையின் குடும்பம்தான் இங்கே தலைமை அப்போஸ்தலன் மேல் விழுகிறது. அவர் செய்தது என்ன, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்து மாற்றிக்கொண்டார். நம் ஊருக்கு இதைவிட நேரான பகுதி வேதத்தில் எது?

டீச்சர், உங்கள் வீட்டில் அந்த அக்காவுக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? கோபத்தில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது, அதனால் கேட்கிறேன்.

பழைய ஏடு:

கடைசி வரிசை தம்பி எழுதியது வலிக்கிறது, வலிக்க வேண்டியதுதான். ஒரு வார்த்தைகூட மறுக்க எனக்கு இல்லை. நான் சேர்க்க நினைப்பது அவர் சொன்ன "ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தெரு" என்பதைப் பற்றி.

நம் சபைகளில் பரிசேயன் என்பது ஒரு வசவுச் சொல் ஆகிவிட்டது. பரிசேயர்கள் மொத்தமாக வேஷதாரிகளா? நிக்கொதேமு பரிசேயர், கமாலியேல் பரிசேயர், பவுல் தன்னைக் கடைசிவரை பரிசேயன் என்றே சொல்லிக்கொண்டார். ஏரோது உம்மைக் கொல்ல இருக்கிறான், தப்பிப் போம் என்று இயேசுவிடம் வந்து சொன்னவர்களும் பரிசேயர்தான், லூக்கா 13:31. அவர்கள் வீட்டில் அவர் விருந்துக்குப் போயிருக்கிறார். அவர்களே தங்களுக்குள் இருந்த வேஷத்தை நன்றாக அறிந்தவர்கள். யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் பரிசேயரில் ஏழு வகை என்று ஒரு பட்டியல் வருகிறது, ஒருவன் தன் நற்செயல்களை எல்லோரும் பார்க்கத் தோளில் சுமந்து திரிகிறவன், இன்னொருவன் பெண்களைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடி நடந்து சுவரில் மோதி ரத்தம் ஒழுக நிற்கிறவன். அன்பினால் செய்கிறவனையே மெச்ச வேண்டும் என்று முடிகிற வடிவமும் உண்டு. கொர்பான் விஷயத்திலும், பெற்றோரின் மரியாதையை முன்னிட்டு அப்படிப்பட்ட பொருத்தனையை (நேர்ந்துகொண்டதை) அவிழ்க்கலாம் என்று ரபி எலியேசர் வாதாடியது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. ஆகவே இயேசு பேசியது வீட்டுக்குள் நடக்கிற சண்டை, ஒரு யூதர் யூதர்களிடம் உரிமையோடு பேசியது.

அந்த வார்த்தையை நாம் வெளியாள் மேல் எறியும்போது என்ன ஆகும் என்பதற்கும் அந்தியோகியாவே சாட்சி. 387ஆம் ஆண்டு லெந்து நாட்கள். வரி உயர்ந்த கோபத்தில் ஜனங்கள் ராஜாவின் சிலைகளை உடைத்துவிட்டார்கள், ரோம ராயன் தெயோதோசியு என்ன தண்டனை கொடுப்பானோ என்று நகரமே நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது அங்கே குருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் தினமும் போலப் பிரசங்கித்தார். பறவையையும் மீனையும் தின்னாமல் உபவாசம் இருந்துவிட்டு சகோதரனைக் கடித்துத் தின்றால் என்ன பயன் என்று அவர் கேட்டது அந்த நாட்களில்தான். கையும் காலும் கண்ணும் காதும் உபவாசிக்க வேண்டும் என்றார். அதே ஊரில் மத்தேயு நற்செய்தியை விளக்கும்போது, கோயிலுக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டாடை சாத்திவிட்டு வெளியே குளிரில் நிர்வாணமாய் நிற்கிற அவரைக் கண்டும் காணாமல் போகாதீர்கள் என்று சொன்னவரும் அவர்தான். இந்தப் பொருளில் இவ்வளவு கூர்மையாகப் பேசியவர்கள் குறைவு. அதே மனிதர், அதே அந்தியோகியாவில், அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக, யூதர்களை ஏசி வரிசையாகப் பிரசங்கித்திருக்கிறார், படித்தால் கூசும். அவை பின்னால் எத்தனை நூற்றாண்டு எவ்வளவு வெறுப்புக்குத் துணை போயின என்பது ஊரறிந்தது. தன் சபையின் பட்டாடைக்குள் இருந்த அழுக்கைப் பார்த்த கண், பக்கத்து ஜெப ஆலயத்தை அந்த இரக்கத்தோடு பார்க்கவில்லை.

இன்னொரு இடம். மாற்கு 12:40இல் விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் என்று வருகிறது. அடுத்த வசனத்திலேயே இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு ஏழை விதவை இரண்டு காசு போடுவதைப் பார்க்கிறார். நாம் இரண்டையும் வெட்டி எடுத்து, விதவையின் காசைக் காணிக்கை ஞாயிற்றுக்கு வைத்துக்கொண்டோம். சேர்த்து வாசித்தால் அந்தப் பெட்டிக்குள் விழுந்த அவளுடைய ஜீவனத்தைப் பார்த்து அவர் மெச்சினாரா, அல்லது பதறினாரா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். மெச்சியதும் உண்மை, அவளை அந்த நிலையில் விட்ட மதத்தலைவர்களைப் பற்றி ஒரு மூச்சுக்கு முன்னால்தான் பேசியிருக்கிறார் என்பதும் உண்மை.

செல்வி மதுரை:

பெரியவர்கள் வேதத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் குரூப் விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. எங்கள் சபையிலும் இதே மாதிரி வேத வாசிப்புக்குப் பட்டியல் இருந்தது. வாசிக்காத நாளிலும் நான் டிக் போட ஆரம்பித்ததும்தான் பயந்துபோய்த் தலைவி அக்காவிடம் சொன்னேன். அவர்கள் அன்றைக்கே பட்டியலை நிறுத்திவிட்டு, இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். இப்போது என்னோடு சேர்ந்த அக்கா சனிக்கிழமை போன் பண்ணி "இந்த வாரம் எப்படி இருந்த?" என்று கேட்பார்கள். எத்தனை அதிகாரம் என்று கேட்க மாட்டார்கள். பொய் சொல்ல முடியவில்லை, குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பாளை டீச்சர்:

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை வாசித்தேன். கடைசி வரிசை தம்பி, உங்கள் கேள்விக்கு முதலில் பதில். ஆமாம், இருந்தது. நீலப் பூப்போட்ட எவர்சில்வர் டம்ளர், மாமியார் காலத்திலிருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அது சாதிக்காக வைத்தது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, ஏன் தனியாக இருக்கிறது என்றும் ஒரு நாளும் நினைத்ததில்லை. நேற்று அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு மேலே வைத்தேன். காலையில் எனக்குக் காப்பி ஊற்றியதில் ஒன்றில் அக்காவுக்கும் கொடுத்தேன், அவர்கள் வாங்கத் தயங்கி, டம்ளரைப் பார்த்து, என்னைப் பார்த்து, நின்றுகொண்டேதான் குடித்தார்கள். உட்காருங்கள் என்றேன், "இருக்கட்டும்மா, பழக்கமில்ல" என்றார்கள். பதினொரு வருஷம் நான் பழக்கியது, ஒரு காலையில் போகாது என்று தெரிகிறது.

எதில் சமைத்தார்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டில் ஒரு அடுப்பு கேட்டு சோறு மட்டும் வடித்திருக்கிறார்கள். சனிக்கிழமை கடையில் இட்லி கடன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்கள். "நீங்க உபவாசம் இருந்தீங்கம்மா, உங்கள நான் தொந்தரவு பண்ணிட்டேன்" என்று அவர்கள் என்னிடம் வருத்தப்பட்டார்கள். பணம் அன்றைக்கு வீட்டில் இருந்தது அக்கா, நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெரியும்மா, பீரோ சாவி உங்க இடுப்புல இருந்துச்சு, கவர் வாங்குன அன்னைக்கு நானும் பாத்தேன்" என்றார்கள். தெரிந்துகொண்டேதான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவியிருக்கிறார்கள்.

சம்பளத் தேதியை முதல் தேதிக்கு மாற்றிவிட்டோம், போனில் மணி அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். குரூப்பில் பட்டியலை நிறுத்தலாமா என்று கேட்டேன், இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் இத்தனை நாள் முதலில் இருந்தபோது தோன்றவில்லையா என்று கேட்டார், அது நியாயமான கேள்விதான். செல்வி சொன்ன இரண்டு இரண்டு பேர் யோசனையை ஐயரம்மாவிடம் (எங்கள் போதகரின் மனைவி) சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. உபவாசம் இருக்கிறேன், படம் போடப் போவதில்லை. யாராவது போன் பண்ணி ஏன் இந்த வாரம் விட்டுவிட்டீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. இருக்கிறேன் என்றாலும் காட்டிக்கொள்வது, இல்லை என்றால் பொய்.

உபதேசியார் பேரன்:

கேட்டால் "நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேளுங்கள் டீச்சர். அப்புறம் மூன்று மணிக் கஞ்சியைக் கொஞ்சம் கூட வையுங்கள், அக்கா பாத்திரம் கழுவ வருகிற நேரம்தானே அது.